ஜெபச் சீட்டில் இரண்டாவது வரி

ஆண்டவர் உன்னை எதற்காக அழைத்தார் என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் தயாராக இருக்கிறது. ஒரே வாக்கியம். ‘ஆண்டவர் என்னிடம் ஒப்படைத்த மனிதர்களைத் தாங்குவதே என் ஊழியம்.’ ஆபீஸ் வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, கீழே ஒரு மணி பிளான்ட். வருகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். எனக்கு இப்போது அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் கழற்றவில்லை. கழற்றினால் ஏன் கழற்றினீர்கள் என்று கேட்பார்கள்.

கொண்டாப்பூரில் நாற்பது பேர் வேலை பார்க்கும் சின்ன சாப்ட்வேர் கம்பெனி என்னுடையது. வீடு ஏ.எஸ்.ராவ் நகரில். ஹைதராபாத்தின் இந்தக் கோடியில் படுக்கை, அந்தக் கோடியில் நாற்காலி. நடுவே திருமுல்கேரியில் எங்கள் தமிழ்ச் சபை. தெலுங்கு ஆராதனை முடிந்து அவர்கள் வண்டிகளை எடுத்த பிறகுதான் எங்களுக்குக் கோவில் கிடைக்கும். பாதிப் பேர் என்னைப் போலத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள், மீதிப் பேர் பட்டாளத்தில் இருந்துவிட்டு இங்கேயே தங்கிப்போனவர்கள். ஆறு வருஷமாக நான் அங்கே செயலாளர்.

எங்கள் சபையில் ஒரு பழக்கம் உண்டு. வாசலில் ஒரு பழைய உஸ்மானியா பிஸ்கட் டப்பா இருக்கும், மூடியில் ஓட்டை போட்டது. யாருக்காக ஜெபிக்க வேண்டுமோ அதைச் சீட்டில் எழுதி அதில் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். ஆராதனையின் நடுவில் செயலாளர் டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக வாசிப்பார். சபை ஆமென் சொல்லும். பெயர் மட்டும் வாசிக்கக்கூடாது. ஒரு சகோதரர், ஒரு சகோதரி, ஒரு குடும்பம், அவ்வளவுதான். கூச்சப்படுகிறவர்களுக்காக யாரோ என்றைக்கோ செய்த ஏற்பாடு.

நான் வாசிப்பதோடு நிறுத்துவதில்லை, திருத்தவும் செய்வேன். ‘குடித்துவிட்டு அடிக்கிறார்’ என்று ஒருத்தி எழுதியிருந்தால் ‘ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக’ என்று வாசிப்பேன். மருமகள் வாயைக் கர்த்தர் கட்ட வேண்டும் என்று ஒரு மாமியார் எழுதியிருந்தால் அதுவும் குடும்ப சமாதானம்தான். பூசி மெழுகுவதில் எனக்கு சபையில் நல்ல பேர். ஐயர்கூட, எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், ‘ஒங்க வாய் வழியா வந்தா எதுவும் புண்படுத்தாது’ என்று பாராட்டியிருக்கிறார்.

அந்த வாக்கியம் வந்த கதையைச் சொல்கிறேன். கிறிஸ்தவத் தலைவர்களுக்கென்று மூன்று நாள் முகாம், ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் ஒரு ரிசார்ட். பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறவர், பள்ளிக்கூடம் நடத்துகிறவர், என்னைப் போல கம்பெனிக்காரர்கள் என்று இருபது பேர். காலையில் பாட்டு, மத்தியானம் பிரியாணியும் குபானி கா மீட்டா இனிப்பும், நடுவில் அழைப்பைக் கண்டுபிடிப்பது. ஒரு பயிற்சியாளர் சென்னையிலிருந்து வந்திருந்தார். நான் முதலில் ஒரு பக்கம் எழுதினேன். வெட்டுங்கள் என்றார். அரைப் பக்கமானது. இன்னும் வெட்டுங்கள் என்றார். மூன்றாம் நாள் அந்த ஒற்றை வரி மிஞ்சியது. அதை எழுந்து வாசித்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நடிப்பு இல்லை, நிஜமான கண்ணீர். அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

திரும்பி வந்ததும் சட்டம் போட்டேன். எச்.ஆர். பெண் அதை எடுத்துக் காப்பி மக்கிலும் அச்சடித்து நாற்பது பேருக்கும் கொடுத்தாள்.

இரண்டு மாதத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர் பாதி வேலையை நிறுத்திவிட்டார். ஆறு பேரை அனுப்பியே ஆக வேண்டும், வேறு வழியில்லை. இதை நான் சப்பைக்கட்டாகச் சொல்லவில்லை, ஆறு பேர் போக வேண்டியிருந்தது உண்மை. யார் அந்த ஆறு பேர் என்பதில்தான் என் லட்சணம் தெரிந்தது.

டெஸ்டிங் குழுவைப் பார்த்துக்கொண்ட ஒரு தம்பி இருந்தான். எங்கள் ஊர்ப் பக்கம். அவனை நான் சபையில்தான் பிடித்தேன், நாலு வருஷத்துக்கு முன்னால் நானே கூப்பிட்டு வேலை கொடுத்தேன். வெளியே எனக்கு அவன் தம்பி, அவனுக்கு நான் அண்ணாச்சி. ஆபீஸில் மட்டும் சார். அவனாகவே வைத்துக்கொண்ட மரியாதை அது. அவன் மனைவி எங்கள் ஞாயிறு பள்ளி டீச்சர். பிள்ளைகளுக்குத் தமிழ் புரியும், ஆனால் பதில் இந்தியிலோ தெலுங்கிலோதான் வரும். அந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு தமிழில் வசனம் ஒப்பிக்க வைக்கிற பொறுமை அவளுக்குத்தான் இருந்தது. கரும்பலகையில் அவள் எழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

வேலைத்திறமை பார்த்திருந்தால் அவன் பெயர் அந்த ஆறில் வந்திருக்காது. ஆனால் ஒருநாள் பேன்ட்ரிக்குப் பக்கத்தில் போகும்போது உள்ளே ஒருத்தன் சொன்னது காதில் விழுந்தது. ‘அவங்களுக்கு என்ன, சர்ச் கோட்டா, யாரும் தொட மாட்டாங்க.’ சிரிப்பு. எனக்கு ஜிவ்வென்று ஏறியது. ஒருநாள் உபவாசம் இருந்து ஜெபித்தேன். சாயந்தரம் எனக்குத் தெளிவு கிடைத்தது என்று நினைத்தேன். பாரபட்சம் கூடாது. நம் ஆளை முதலில் அனுப்பினால்தான் ஆண்டவருடைய பிள்ளை நியாயமானவன் என்று நாலு பேர் பார்ப்பார்கள். நல்ல சாட்சி. தம்பியின் பெயரை முதலாவதாக எழுதினேன்.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். அதுதான் மன்னிக்க முடியாதது. அதற்கு இரண்டு வாரம் முன்னால் டப்பாவில் ஒரு சீட்டு வந்திருந்தது. ‘ஒரு சகோதரிக்கு அடுத்த மாதம் கர்ப்பப்பை ஆபரேஷன். நல்லபடியாக முடிய.’ அச்சு மாதிரி எழுத்து. நானே வாசித்தேன், நானே முதலில் ஆமென் சொன்னேன். வேலை போனால் கடைசி நாளோடு கம்பெனி இன்சூரன்ஸ் போய்விடும், அதில்தான் அவளுக்கும் சேர்த்து இருக்கிறது என்பது முதலாளிக்குத் தெரியாதா என்ன?

முந்தின ராத்திரி எல்லாவற்றையும் என் வீட்டுக்காரியிடம் சொல்லியிருந்தேன். காலையில் தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஒரு மாசம் தள்ளிப் போட முடியாதா? ஆபரேஷன் முடியட்டுமே.”

“சபையில தெரிஞ்ச விஷயத்த ஆபீஸுக்குக் கொண்டு வரக் கூடாது. மத்த அஞ்சு பேருக்கு நான் என்ன பதில் சொல்ல? ஆண்டவருக்கு முன்னால பாரபட்சம் பாக்கக் கூடாது.”

“ஆண்டவரு ஒங்ககிட்ட லிஸ்ட் கேட்டாராக்கும்? பேன்ட்ரிக்காரன்தானே கேட்டான்.”

நான் பாதித் தோசையை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். கோபம் வந்தால் நான் சாப்பாட்டில்தான் காட்டுவேன், கேவலமான பழக்கம்.

அன்றைக்குப் பதினோரு மணிக்குத் தம்பியை அறைக்குக் கூப்பிட்டேன். எச்.ஆர். பெண் கவரோடு உட்கார்ந்திருந்தாள். அவன் வழக்கம்போல நின்றான். உட்காரச் சொன்னேன். அப்புறம் நான் செய்ததை எழுதவே கை கூசுகிறது. ஜெபித்துவிட்டுப் பேசுவோம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டேன். ஞானம், வழிநடத்துதல், உம்முடைய சித்தம் என்று இரண்டு நிமிஷம் ஓட்டினேன். எதற்கு ஜெபிக்கிறேன் என்றே தெரியாமல் அவன் நடுநடுவே ஆமென், ஆமென் என்றான். முடித்துவிட்டுக் கவரை நகர்த்தினேன்.

அவன் பிரித்துப் படித்தான். முகத்தில் ஈயாடவில்லை.

“அண்ணாச்சி,” என்றான். ஆபீஸுக்குள் அவன் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “அவளுக்குப் பத்தொம்பதாம் தேதி...”

நான் என்ன செய்தேன் தெரியுமா? எச்.ஆர். பெண் அந்த ‘அண்ணாச்சி’யைக் கவனித்தாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘ஆண்டவர் வேற வாசலைத் திறப்பார் தம்பி’ என்று நான் சொன்னேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். சாயந்தரம் அவன் மேஜையைப் பார்த்தபோது காப்பி மக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தான். என் வாக்கியம் தலைகீழாகத் தெரிந்தது.

நினைத்த சாட்சியும் கிடைக்கவில்லை. பேன்ட்ரியில் அடுத்த வாரம் வேறு பேச்சு. சொந்த சர்ச் ஆளையே தூக்கிவிட்டான், நாமெல்லாம் எம்மாத்திரம் என்று. ஒருத்தனும் என்னை நியாயமானவன் என்று சொல்லவில்லை. பயந்தார்கள்.

தம்பி குடும்பம் சபைக்கு வருவதை நிறுத்திவிடும் என்று எதிர்பார்த்தேன். உள்ளுக்குள் அதை விரும்பினேன் என்றுகூடச் சொல்லலாம். வந்தார்கள். அவன் வழக்கம்போல வாசலில் ‘வாங்க அண்ணாச்சி’ என்று சிரித்தான். ஆபரேஷனைத் தள்ளி வைத்துவிட்டார்கள் என்று என் வீட்டுக்காரி விசாரித்து வந்து சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு. டப்பாவைத் திறந்தேன். பத்துப் பன்னிரண்டு சீட்டு. பரீட்சை, விசா, முழங்கால் வலி. ஆறாவதாக எடுத்தது ஞாயிறு பள்ளித் துண்டறிக்கையின் பின்பக்கத்தில் எழுதிய சீட்டு. அதே அச்சு எழுத்து. இரண்டு வரி.

‘வேலை போன என் வீட்டுக்காரருக்கு நல்ல வேலை கிடைக்க.

அவரை அனுப்பின அண்ணன் மனசு இறுகிப் போகாமல் இருக்க.’

பழகின வாய் பழகினபடியே போனது. ‘வேலை தேடும் ஒரு சகோதரருக்காக’ என்றேன். ஆமென் என்றது சபை. அந்தச் சீட்டைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன். பெண்கள் பக்கத்தில் அவள் உட்காரும் நாலாவது பெஞ்சைப் பார்க்கவில்லை. சீட்டுகளை மாதக் கடைசியில் எரித்துவிடுவது வழக்கம். அந்த ஒன்றை மட்டும் என் பைபிள் உறையின் ஜிப்புக்குள் செருகிக்கொண்டேன். எதற்கென்று கேட்டால் எனக்குத் தெரியாது.

யோசித்துப் பாருங்கள். வேலையைப் பறித்தவனுக்காக ஒரு பெண் ஜெபம் கேட்கிறாள், அதுவும் அவன் வாயாலேயே வாசிக்கப்படும் என்று தெரிந்து. அவளுக்கு என்னைச் சபையில் சந்தி சிரிக்க வைக்க எண்ணமிருந்தால் பெயர் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. யாருக்கும் தெரியாமல் எனக்கு மட்டும் தெரியட்டும் என்று ஒரு வாசல் திறந்து வைத்தாள். நான் அதைச் சாத்திவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனேன்.

தம்பிக்கு இங்கே எதுவும் அமையவில்லை. ஊருக்கே போய்விடுவது, ஆபரேஷனை அங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வது என்று முடிவெடுத்தார்கள். ஒரு குடும்பம் ஊரை விட்டுப் போகும்போது சபையார் வீட்டுக்குப் போய் ஜெபித்து அனுப்புவோம். சனிக்கிழமை சாயந்தரம் ஏ.எஸ்.ராவ் நகரில் அவர்கள் வாடகை வீட்டில் கூடினோம். கட்டில் கழற்றியாகிவிட்டது. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே பாய் விரித்து உட்கார்ந்தோம். ஐயர் என்னையே ஜெபிக்கச் சொன்னார், செயலாளர் இல்லையா. நான் பிரயாணப் பாதுகாப்புக்கு ஜெபித்தேன். ரயில், லாரி, சாமான்கள். அதைத் தவிர வேறெதையும் தொடவில்லை.

எல்லோரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் தம்பி மனைவி எனக்கு டீ கொண்டுவந்தாள். வெளுத்துப் போயிருந்தாள். பக்கத்தில் என் வீட்டுக்காரி மட்டும் இருந்தாள்.

“ஒடம்பு எப்படிம்மா இருக்கு?” என்றேன். கேட்க வேண்டிய நாளெல்லாம் விட்டுவிட்டு.

“இருக்கேன் அண்ணாச்சி.” டம்ளரை என் கையில் கொடுத்தாள். “அன்னைக்கு நான் ரெண்டு வரி எழுதியிருந்தேன். நீங்க ஒண்ணுதான் வாசிச்சிய.”

“நேரம் ஆயிட்டும்மா அன்னைக்கு, சீட்டு நெறைய...”

“அவியளுக்கு வேலை எங்கயாவது கெடச்சிரும். அதுக்கு நான் பயப்படல. ரெண்டாவது வரிக்குத்தான் சபை முழுக்க ஜெபிக்கணும்னு நெனச்சேன். நீங்கதான் எங்கள இந்த ஊர்ல நிக்க வச்சிய. அந்த அண்ணாச்சி அப்படியே இருக்கணும்னு ஒரு இதுதான்.” குரல் உயரவில்லை. “சீனி போதுமா பாருங்க.”

டீயைக் குடித்தேன். சீனி இருந்ததா இல்லையா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வரும் வழியில் என் வீட்டுக்காரி அந்த இரண்டாவது வரி என்ன என்று கேட்டாள், நான் அந்த ஜிப்பைத் திறந்து சீட்டைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த ஞாயிறு டப்பா சீட்டுகளோடு அதையும் சேர்த்து வைத்துக்கொண்டு போய் நின்றேன். நாலாவது பெஞ்சில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். ‘போன மாதம் வாசிக்காமல் விட்ட ஒரு வரி. ஒரு சகோதரரை வேலையிலிருந்து அனுப்பின ஒரு அண்ணன், அவர் மனசு இறுகிப் போகாமல் இருக்க.’ ‘அந்த அண்ணன் நான்தான்’ என்ற மூன்று சொல் வாய்வரை வந்தது. சபை எல்லாச் சீட்டுக்கும் சொல்வது போலவே ஆமென் என்றது. யாரும் யார் என்று கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள், பெயர் சொல்லாமல் பழக்கியவர்கள் நாங்கள். கூச்சப்படுகிறவர்களுக்கென்று செய்த ஏற்பாடு எனக்கு நல்ல மறைவிடமாக இருந்தது. நான் மென்று முழுங்கிவிட்டு அடுத்த சீட்டை எடுத்தேன். பத்தாம் வகுப்புப் பரீட்சை.

ஆராதனை முடிந்து வாசலில் ஒரு ரிட்டயர்ட் சுபேதார் என் கையைப் பிடித்துக்கொண்டார். பட்டாளத்தோடு திருமுல்கேரிக்கு வந்து நாற்பது வருஷம், பேச்சில் ஹைதராபாத் இந்தி கலந்துதான் வரும்.

“தம்பி, எவ்ளோ நல்ல மனசு உனக்கு. போன மாசம் விட்டுப்போன வரியக்கூட ஞாபகம் வச்சு வாசிச்சே பாரு. ஆண்கள் சங்கத்துல நீ வந்து பேசணும். ‘தலைவனும் அழைப்பும்’, உன் கம்பெனில மாட்டி வச்சிருக்கியே, அத வச்சு.”

“எனக்கு அதுக்குத் தகுதி இல்ல ஐயா.”

“நக்கோ, நக்கோ, அதெல்லாம் பேசாதே. காய்கு டென்ஷன், எதுக்கு? அரை மணி நேரம் பேசு, போதும். வர்றே, ஹவ்வா, சரிதானே?”

வர்றேன் என்றேன்.

காரில் பட்டாள ஆஸ்பத்திரி தாண்டி சிக்னல் விழுந்தது. என் வீட்டுக்காரி முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

“என்ன பேசப் போறிய?”

“யோசிக்கணும்.”

“யோசிக்க என்ன இருக்கு? இன்னைக்கு வாசிச்ச அந்த வரி யாருக்குன்னு சொல்லுங்க. சொல்லிட்டு உக்காந்துருங்க. அரை மணி நேரம்லாம் வேண்டாம்.”

ஏரிக்கரையில் மூன்று நாள் உட்கார்ந்து தேடியது அங்கே, அந்த சிக்னலில் கிடைத்தது. நான் என்ன செய்ய வேண்டும் என்பதில் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அவ்வளவு தெளிவு இருந்ததில்லை. தம்பிக்கும் அவன் மனைவிக்கும் நான் திருப்பித் தரக்கூடியது அது ஒன்றுதான் என்றும் தெரிந்தது. சரி என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், பல நாள் கழித்து.

ஊரிலிருந்து செய்தி வந்தது. ஆபரேஷன் முடிந்தது, தள்ளிப் போட்டதில் ரத்தம் நிறையப் போய் ஆள் பாதியாகிவிட்டாளாம், ஆனால் பிழைத்துக்கொண்டாள். தம்பிக்கு மதுரையில் ஒரு வேலை, இங்கே வாங்கியதில் பாதிச் சம்பளம். ‘ஜெபத்துக்கு நன்றி அண்ணாச்சி’ என்று எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தான். கை கூப்பின படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினேன்.

கூட்டத்துக்கு நாலு நாள் முன்னால் சுபேதாருக்கு போன் செய்தேன். தலைப்பு கொஞ்சம் பெரிதாக இருக்கிறது ஐயா, ‘நேரத்தைச் சரியாகப் பயன்படுத்துவது’ என்று வைத்துக்கொள்ளலாமா என்றேன். அச்சா, அதுவும் நல்ல டாபிக்தான் என்றார்.

போன மாதம் பேசினேன். படமெல்லாம் போட்டு முப்பத்தைந்து நிமிஷம். இரண்டு பேர் குறிப்பு எடுத்தார்கள். ஐயர் சால்வை போர்த்தினார். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள், என் வீட்டுக்காரி மட்டும் வரவில்லை. தலை வலிக்கிறது என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம், அவள் தலைவலி என்று படுத்து நான் பார்த்ததில்லை.